அமெரிக்க ஊசியும் எங்கள் ஊர் உண்ணியும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், முன்னது பின்னதாகிப் போகும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். வேலை சிங்கப்பூருக்கு மாறியபோது, அங்கே வீடு அமையும்வரைக்கும் என்று தன் நாயை என்னிடம் கொண்டுவந்து விட்டான். எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். குழந்தை இல்லாத அவனுக்கு அதுதான் பிள்ளை.

"உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கும்மா" என்றான். அந்தக் காய்ச்சலுக்குப் பெயர் லைம். ஊசி போட்டால் நாயின் ரத்தத்தில் எதிர்ப்புச் சத்து உண்டாகுமாம். உண்ணி கடித்து ரத்தம் குடிக்கும்போது அந்தச் சத்து அதன் வயிற்றுக்குள் போய், அங்கிருக்கும் கிருமியை அங்கேயே கொன்றுவிடுமாம். கிருமி நாய்க்குள் வந்து சேராது. கேட்க எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தச் சித்திரையில் அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். மண்ணுக்கு உரமாகட்டும் என்று வருஷாவருஷம் போடுவதுதான். வயலுக்கு வயல் மாறி ஒரு மாதம் இருந்தார்கள். நாய் பகலெல்லாம் கிடை நாய்களோடு கிடந்தது. தடவிக்கொடுத்தால் காதுமடலில் ஆமணக்கு விதை மாதிரி உண்ணி. எங்கள் மாடுகளுக்கென்றால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டிருப்பேன். இதற்குப் பிடுங்கவில்லை. குடிக்கட்டும், குடித்தால்தானே சத்து உள்ளே போகும் என்று விட்டேன்.

கிடைக்காரர்கூடச் சொன்னார். "காதைப் பாருங்கம்மா, அப்பிக் கெடக்கு."

"அமெரிக்காவுல ஊசி போட்டதுங்க."

"உண்ணிக்கு அது தெரியுமாம்மா?" என்று சிரித்துக்கொண்டே ஆடுகளை ஓட்டிப் போனார்.

கிடை பெயர்ந்து போன பிறகு நாய் சோற்றைத் தொடவில்லை. ஈறு வெளுத்தது. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். மகன் போனில் கேட்டபோது, "வெயிலுக்குப் படுத்திருக்குப்பா" என்றேன். மூன்றாம் நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியிருந்தது. படுத்த இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிவரைக்கும் தரையெல்லாம் துளி. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

மாட்டு டாக்டர் காதை மடித்துப் பார்த்தார். "ஏம்மா, ஒண்ணைக்கூடப் பிடுங்கலையா?"

ஊசியைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த ஊசி அந்த லைம் கிருமிக்கு மட்டுந்தாம்மா. நம்ம ஊரு நாயுண்ணியில இருக்கறது வேற கிருமி. அதுக்கு இங்க ஊசி கெடையாது. உண்ணி ஒட்டாம பாத்துக்கறதுதான் வழி."

நாலு நாள் மாத்திரையைக் கரைத்துப் புகட்டினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அது போய்விட்டது. வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு மகனுக்கு நானே போன் போட்டேன். உண்ணியைப் பிடுங்காமல் விட்டதையும், வெயில் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். "எப்பலேருந்தும்மா?" என்று மட்டும் கேட்டான். கிடை வந்த நாளிலிருந்தே காதில் உண்ணி இருந்ததைச் சொன்னேன்.

ஊசி வேலை செய்யும் விதத்தைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்து, என்னைப் போலத் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது.