அவர் சொன்ன மான்கறி ருசி

என் கணவர் பதினோரு வருடம் நமீபியாவில் சமையல்காரராக இருந்தார். ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு தேசம் இருப்பதே அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் வேலை பார்த்தது வெளிநாட்டுக்காரர்கள் வேட்டையாட வந்து தங்கும் விடுதியில். அவர்கள் சுட்டுக் கொண்டுவருவதை இவர் சமைப்பார். இங்கே சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊரில் நானும் ஒரே மகளும் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பது என் வேலை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அடுப்படிதான் பிழைப்பு.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால் வரும். அங்கே அப்போது மதியம் இரண்டரை. பரிமாறி முடித்துவிட்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்.

"இன்னாமே, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சி ஆச்சி. இன்னிக்கி ஓரிக்ஸ்."

அதோடு தொடங்கிவிடும். ஓரிக்ஸ் என்பது ஈட்டி மாதிரி நீண்ட கொம்புள்ள மான். எல்லாக் கறியிலும் அதுதான் முதல் என்பார். கவிச்சி வாடையே இருக்காதாம், மெத்தென்று வெந்துவிடுமாம். அடுத்து ஈலண்ட். அதுவும் மான்தான், ஆனால் நம் ஊர் காளையைவிடப் பெரியது. கொஞ்சம் கொழுப்பு கட்டுமாம், அதனால் நெருப்பில் காயாதாம். "மாட்டுக்கறி மாரியே கீதுன்னு சொல்றாங்கோ. எங்கம்மாகிட்ட சொல்லிப்புடாத" என்று குரலைத் தாழ்த்துவார். குடூ என்ற மானில் கொழுப்பே கிடையாது, கண் அசந்தால் கயிறாகிவிடும். ஸ்பிரிங்பாக் சின்ன மான், அதன் தொடை வெள்ளாட்டுக் குட்டி மாதிரி இருக்கும். காட்டுப்பன்றி நல்ல ருசி, ஆனால் நன்றாக வேகவேண்டும். தாடி வைத்த மாடு போல ஒன்று உண்டு, அது முரட்டுக் கறி, காயவைக்கத்தான் லாயக்கு. கொத்தமல்லியை வறுத்து இடித்து, வினிகர் காடியில் ஊறவைத்துத் தொங்கவிடுவார்களாம். நம் உப்புக்கண்டம் தோற்றுப்போகும் என்பார்.

ஒருநாள் வரிக்குதிரை என்றார்.

"ஐயே, அதையுமா தின்றாங்க?"

"தின்றாங்கமே. லேசா தித்திக்கும்."

ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. வருஷம் போகப்போக எனக்குக் காது மரத்துப்போனது. போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்வேன், மகளின் துணியை மடிப்பேன், டிவியில் ஒரு கண் இருக்கும். நடுநடுவே 'ம்' போடுவேன். பெண்ணின் படிப்பு, ஏரித் தண்ணீர், நடவுக்கு ஆள் கிடைக்காதது என்று எனக்கு ஆயிரம் இருந்தது. இந்த மனுஷனுக்கு மான்கறியைத் தவிரப் பேச ஒன்றும் இல்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக அவர் லீவில் வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. உத்திரமேரூர் போய் இளங்கறியாகப் பார்த்து வாங்கிவந்து, மிளகு அரைத்துக் குழம்பு வைத்தேன். அவர் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்தார். காரம் ஜாஸ்தி என்றார். மறுநாள் காரத்தைக் குறைத்தேன். அன்றும் மோர்தான். மீன் வைத்தேன், நாட்டுக்கோழி அடித்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. வழக்கமாக லீவில் வந்தால் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்பவர், அந்தத் தடவை அடுப்புப் பக்கமே வரவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் வாயை விட்டேன்.

"மானும் மாடும் தின்ன நாக்கு. எங்கையி சோறு எறங்குமா? அங்கயே இருந்துக்கலாமே, எதுக்கு வந்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்டிலாம் இல்லமே. வயசாவுது இல்ல" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் திரும்பிப் போன அன்று பஸ் ஏற்றிவிட மகள்தான் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றேன். அன்று பள்ளி லீவு. அது அவருக்கும் தெரியும்.

போன பிறகும் ஆறு மணிக்குக் கால் வந்துகொண்டுதான் இருந்தது. சண்டையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது. நான் சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன்.

பதினாலு மாதம் கழித்து விடுதிக்காரர்களே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாக்கின் ஓரத்தில், பல் மறைக்கும் இடத்தில், புண். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்கி நேத்து வந்தது இல்லம்மா. மூணு வருஷம் இருக்கும். அப்பவே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

பாதி நாக்கை எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கஞ்சியை வடிகட்டி ஊற்றினேன். பேச முடியாது. மகளின் பழைய நோட்டில் எழுதிக் காட்டுவார். 'தண்ணீர்', 'விசிறு', 'நீ தூங்கு' என்று இவ்வளவுதான். மான்கறியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஐந்து மாதம். நெல் அறுப்பு நடக்கிற சமயத்தில் போய்விட்டார். அஸ்தியைத் திருமுக்கூடல் கொண்டுபோனோம். மூன்று ஆறு கூடுகிற இடத்தில் அந்த வருஷம் முழுக்க மணல்தான். குழி தோண்டி ஊறிவந்த தண்ணீரில் மகள் கரைத்தாள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அவரோடு அங்கே வேலை பார்த்த குடியாத்தத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயசு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அழுதார்.

"அண்ணனுக்கு மூணு வருஷமாவே நாக்கு போயிடுச்சி அண்ணி. உப்பு தெரியாது, காரம் பட்டா துடிச்சிப்போவார். சமையல்ல அவரு கையிதான், ருசி பாக்கறது நானு. நான் தலையாட்டுனாத்தான் தட்டு வெளிய போவும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கிட்ட தெனமும் அந்தக் கறி சாப்ட்டேன், இந்தக் கறி சாப்ட்டேன்னு சொன்னாரே?"

"எங்க சாப்ட்டாரு? சோள மாவுக் கஞ்சி. அதையும் பாலூத்தித் தண்ணியா கரைச்சி, ஆற வெச்சி. ரெண்டு மணியானா எங்கிட்ட வந்து நிப்பாரு. 'இன்னிக்கி எப்டி கீது, மெத்துனு கீதா, கவிச்சி கீதா, ஒழுங்கா சொல்றா, வூட்ல கேப்பாங்க'ன்னுவாரு. கேட்டுக்கினு போய்த்தான் உங்களுக்குப் போன் போடுவாரு."

வீட்டில் கேட்பார்களாம். பதினோரு வருஷத்தில் ருசி எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஏன் சொல்லல எங்கிட்ட?" என்றேன். கேட்டது எதிரில் இருந்தவரிடமா, செத்துப்போன மனுஷனிடமா என்று தெரியவில்லை.

"தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு பயம். பொண்ணு படிப்பு முடியட்டும்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் எத்தினி தபா கூப்ட்டேன். லீவுல போனப்போவாவது காட்டிக்கினு வாங்கன்னு சொல்லித்தான் அனுப்பனேன். காட்டலையா அண்ணி?"

அந்த லீவில் அவர் என் எதிரில் உட்கார்ந்து மோர் குடித்த பத்து நாளும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் சொல்லத்தான் வந்தாரோ என்னவோ. நான் பேசின பேச்சுக்கு அப்புறம் எந்த மனுஷன் வாயைத் திறந்து காட்டுவான்?

அந்தத் தம்பிக்குச் சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிடுகிறவரை பக்கத்தில் நின்றேன். கை கழுவி வந்ததும், கடைசியாக என் கணவர் என்ன கறி பற்றிக் கேட்டார் என்று கேட்டேன்.

யோசித்துச் சொன்னார். "டைக்கர்னு ஒண்ணு, அண்ணி. ஆட்டுக்குட்டி ஒசரம்தான் இருக்கும் அந்த மானு. ஈரலை மட்டும் வெங்காயம் போட்டு வதக்கனோம். இத்தினி வருஷத்துல இதான் நம்பர் ஒன்னுன்னு சொன்னேன். அவருக்கு அவ்ளோ சந்தோஷம். 'இதைச் சொல்றேன் பாரு'ன்னு போனைத் தூக்கிக்கினு ஓடனாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு" என்றேன்.

சொல்லியிருப்பார். எனக்கு நினைவில்லை.