முதல் எண் யாருக்கு

கிரைண்டரைத் தொட்ட அம்மாவின் கை தோள் வரை மரத்துப்போன அன்றுதான், எங்கள் வீட்டில் எர்த் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்தேன். நான் மின்பொறியியல் படித்தவள். காரைக்குடியில் சோலார் பலகை பொருத்தும் நிறுவனத்தில் வேலை. ஊரார் வீட்டு வயரிங்கையெல்லாம் சோதித்தவள், சொந்தச் சமையலறை பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் வெறும் சுவர் இருப்பதைப் பார்த்ததே இல்லை. அம்மா மறுநாளே மனைப்பலகை மேல் நின்று மாவாட்டத் தொடங்கினார். "பலகை இருக்கையில என்ன பயம்?" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நோட்டில் எழுதினேன்: புது வயரிங், இரண்டு எர்த் குழி, மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச், வீடு முழுக்கச் சுமை தாங்க ஒருமுனை இணைப்பை மும்முனையாக்க அனுமதி. முதல் மூன்றும் என்னால் முடியும். நான்காவதற்கு மின்வாரிய அலுவலகம் போக வேண்டும்.

அங்கே உதவிப் பொறியாளர், என்னைவிடச் சற்றே மூத்த பெண், கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இணைப்பு இன்னமும் உங்க பாட்டையா பேர்ல இருக்கு. மாநகராட்சி வரி ரசீதுல அஞ்சு பங்கு. மத்த நாலு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்மா."

வீடு பாட்டையாவின் ஐந்து மகன்களுக்கும் பொது. ஒவ்வொரு மகன் வழிக்கும் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஓர் அறை. நாங்கள் நாலாவது வழி. அப்பச்சி, என் அப்பா, இறந்தபின் பங்கு அம்மா பெயரில். நாங்கள் மட்டும்தான் அங்கே குடியிருக்கிறோம். மற்ற நான்கு அறைகளும் விசேஷத்துக்குத்தான் திறக்கும்.

அலுவலகம் கேட்டது ஒரே ஒரு தாள். எந்தச் சுவரை உடைப்போம் என்று பங்காளிகளுக்குத் தெரியட்டுமே என்று நானாக ஒரு வரைபடமும் சேர்த்தேன். அதிக மின்சாரம் இழுக்கும் சமையலறைக்கு எண் ஒன்று, பக்கத்திலிருந்த எங்கள் அறைக்கு இரண்டு, அப்படியே வரிசையாக ஆறு வரை. பிறகு வசதிப்படி கிளம்பினேன். இரண்டாம் வழியில் கோயம்புத்தூர் அண்ணனுக்குக் கூரியர், கோவிலூரில் ஐந்தாம் வழிச் சித்தப்பா, கொத்தமங்கலத்தில் மூன்றாம் வழி அண்ணி. மூன்று கையெழுத்தும் வந்தபின், பள்ளத்தூரில் இருக்கும் மூத்த வழிப் பெரியப்பாவிடம் போனேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "மூணு பேரு போட்டாச்சு. கடைசியா நான். சரி. இந்தப் படத்துல எங்க அறைக்கு என்ன நம்பரு?"

"ஆறு, பெரியப்பா."

"ஒங்களுக்கு?"

"ஒன்னு, ரெண்டு."

"பாத்தியா? நாலாவது வழி முன்னாடி வந்து உக்காந்துக்கிருச்சு. மூத்த வழி கொல்லைக்குப் போயிருச்சு."

"அது பங்கு நம்பர் இல்ல பெரியப்பா, வயரு நம்பரு. நீங்க தப்பா நெனைக்கிறீக."

"நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியும் வயருன்னு. நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுல இதத் தூக்கிக் காட்டுனா? நானே ஒத்துக்கிட்ட மாதிரில்ல இருக்கும்!"

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "பூட்டிக் கெடக்குற அறைக்கு ஆறா இருந்தா என்ன, அறுவதா இருந்தா என்ன? அந்தப் புள்ள ஆத்தாளுக்குக் கரண்டு அடிச்சிருக்குன்னு சொல்லுதுல்ல?"

"நீ செத்த சும்மா இருக்கியா?" என்றவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் முதல் பாதி தூரம் கோபம். மீதித் தூரத்தில் யோசித்தேன். கல்யாணப் பத்திரிகையானாலும் காதுகுத்துச் சேதியானாலும் மூத்த வழிக்குத்தான் முதலில் போகும். நான் பேருந்து நேரம் பார்த்துப் போயிருக்கிறேன். எண்ணைப் பொறுத்தவரை, எந்த அறைக்கு எது போட்டாலும் மின்சாரத்துக்கு ஒன்றுதான். ஆறாம் எண்ணில் இருந்தாலும் கிரைண்டர் ஓடும். எர்த் இல்லாவிட்டால்தான் அம்மாவுக்கு ஆபத்து.

புதிதாக வரைந்தேன். அறைகள் வழி வரிசைப்படி ஒன்று முதல் ஐந்து; சமையலறை ஆறு. அடியில் ஒரு வரி: 'இவை மின்சுற்று எண்கள் மட்டுமே, பங்குரிமையைக் குறிப்பவை அல்ல.' யாரும் கையெழுத்திடாத புதுத் தாளோடு அடுத்த ஞாயிறு பள்ளத்தூருக்கே முதலில் போனேன்.

பெரியப்பா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். "இது யாரு சொல்லி எழுதுன?"

"நானாத்தான் எழுதுனேன்."

"இத அன்னைக்கே எழுதியிருந்தா பஸ்ஸுக்கு அலைஞ்சிருக்க வேணாம்ல?" கையெழுத்துப் போட்டார். "அப்புறம், எங்க அறைக்கு ஏசி பிளக்கு ஒன்னு வையி."

பெரியம்மா சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

மற்ற மூவரிடமும் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. "போன வாரம் போட்ட கையெழுத்து ஊசிப் போச்சாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தார் சித்தப்பா. கொத்தமங்கலத்தில் அண்ணி வீடு பூட்டியிருந்தது, மறுநாளும் போனேன். கோயம்புத்தூர் கூரியர் கடைசியாக வந்தது. அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் கையெழுத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். "இது எங்களுக்கு வேணாம்மா."

அனுமதி வந்தது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் நானும் சேர்ந்து வயர் இழுத்தோம். மும்முனை இணைப்பு கொடுத்துவிட்டு ஆட்கள் போனதும், மின்கசிவு சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். வீடு முழுக்கச் சட்டென்று அணைந்தது.

"என்னடி, அதுக்குள்ள போயிருச்சா?" அம்மா சமையலறையிலிருந்து கத்தினார்.

"போகணும்மா. அதுக்குத்தான் மாட்டியிருக்கு."

மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் அணைந்தது. நான்காவது முறை அம்மாவைக் கூப்பிட்டு, அவர் விரலாலேயே அழுத்தச் சொன்னேன்.