ஐந்தாம் வசனத்தில் நின்றவள்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு பெண்கள் ஞாயிறு வரும். அன்றைக்குப் போதகர் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்துகொள்வார். ஆராதனையைப் பெண்களே நடத்துவோம். அதில் எங்கும் கண்டறியாத ஒரு வழக்கம்: ஒருத்தி முன்னால் போய், வேதாகமத்தைத் திறக்காமல் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒப்புவிக்க வேண்டும். சேலையைச் சரிசெய்து, மைக்கை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, மினிபஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார்கள். அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். பிறகு வாசலில் நின்று, "ஒரு சொல்லும் பிசகேல்லை, என்ன?" என்று தாங்களே கேட்டுப் புகழ்ச்சி வாங்குவார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன? எனக்கு இரண்டு வசனம்கூடச் சேர்ந்தாற்போல் வராது.

நான் கொடிகாமத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, கொழும்புத்துறையில் ஒரு வேதக்கார வீட்டுக்கு மருமகளாக வந்தவள். ஞானஸ்நானம் எடுத்தது யாருடைய கட்டாயத்துக்கும் அல்ல, மனதார விரும்பித்தான். வந்த முதல் வாரம், பின்னேர ஜெபத்தில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லும் முறை எனக்கு வந்தது. பாதியில் நின்றுவிட்டேன். கணவரின் அக்கா, என் மச்சாள், மூடிய கண்ணைத் திறந்து சொன்னாள்: "தேவாரம் பாடின வாய். உதுக்கு மண்டையிலை ஒண்டும் நிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் அவருடைய தாயான மாமியும் சிரித்தார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். இருபத்தேழு வருடமாக யார் வசனம் சொல்லக் கேட்டாலும் "எனக்கு மறதி" என்று ஒதுங்கினேன். சபைப் பெண்கள் இரக்கப்பட்டு வல்லாரைச் சம்பல் கொண்டுவந்து தந்தார்கள். இன்னொருத்தி, பத்து நாளில் ஞாபகசக்தி என்று ஒரு வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். வாய் கைத்ததும் டேட்டா கரைந்ததும்தான் மிச்சம்.

இந்த வருடம் ஒப்புவிக்கும் முறையை என் தலையில் கட்டினார்கள். பெயரைக் கொடுத்தது மச்சாள். அதிகாரம், அன்பைப் பற்றிய அந்தப் பதின்மூன்று வசனம். நான் சபைக்கு முன்னால் திக்கித் திணறுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை என்றுதான் நினைத்தேன். பேப்பரில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் படித்தேன். நாலு வசனம் வந்தது. ஐந்தாவதில், அன்பு பிறர் செய்த தீங்கை மனதில் வைத்திருக்காது என்று வருகிற இடத்தில், நின்றுவிடுவேன். மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும், அதே இடத்தில். சீ, நீயும் ஒரு மனுசியா என்று என்னையே திட்டினேன்.

பெண்கள் ஞாயிற்றுக்கு முதல் நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டே ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "எனக்கு மண்டையைத் தராமல் இந்தப் பொறுப்பை ஏன் தந்தீர்? உவ மச்சாள் சொன்னது சரியெண்டு காட்டவோ?" சொல்லும்போதே மச்சாளின் வார்த்தைகள் என் வாயில் வந்தன. ஒரு சொல் பிசகவில்லை. அன்றைக்கு அவள் உடுத்திருந்த ஊதாச் சேலை, அடுப்பில் கொதித்த கணவாய்க்கறி, யார் முதலில் சிரித்தது, யார் பிறகு சிரித்தது, எல்லாமே வந்தன. துருவுவதை நிறுத்திவிட்டேன்.

மறதியாம், மறதி! இருபத்தேழு வருடம் ஊரையும் என்னையும் நன்றாகப் பேய்க்காட்டியிருக்கிறேன். அவள் சொன்ன ஒன்றை ஒரு நாளும் தவறாமல் ஓதிக்கொண்டு வந்தவளுக்கா ஞாபகசக்தி இல்லை? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஞாபகம் தாரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தக் கசப்பை என்னிடமிருந்து எடுத்துப்போடும் என்று முதல்முறையாக ஜெபித்தேன். கேட்டால் அவர் செய்வார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. கேட்கத்தான் இதுவரை மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனேன். "நான் சொல்லுறன், நீங்கள் புத்தகத்தைப் பாத்துக் கேளுங்கோ" என்றேன். அவள் சந்தோஷமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பிழை பிடிக்கிற வேலை என்றால் அவளுக்குச் சோறும் வேண்டாம்.

ஐந்தாம் வசனத்தில் நின்றேன். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "நான் அண்டைக்குச் சொன்னது இன்னும் உள்ளுக்கை கிடக்கோ?"

"ஓம். ஒரு சொல்லும் மறக்கேல்லை."

"எனக்கும் ஒண்டு கிடக்கு," என்றாள். "அம்மா சாகக் கிடக்கேக்கை உன்னட்டைத் தண்ணி கேட்டவ. நீ போனிலை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டாய். ரெண்டு தரம் கேட்டவ. நான் உள்ளுக்கை வந்துதான் குடுத்தனான்."

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாளின் கண் கலங்கியிருந்தது. அவள் எதையும் கூட்டிச் சொல்பவள்தான். ஆனால் அதைக் கூட்டிச் சொல்லவில்லை.

"மன்னியுங்கோ மச்சாள்" என்றேன்.

"நானும் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, முதலிலையிருந்து சொல்லு."

சொன்னேன். அந்த இடத்தையும் கடந்து போனேன். மறுநாள் சேர்ச்சிலும் பதின்மூன்று வசனமும் வந்தன. வாசலில் நாலு பேர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவர்கள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாமி என்னிடம் தண்ணீர் கேட்டதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.