பாஞ்சு கர்மகாரின் இரண்டு கொக்கிகள்

தாமோதர் ஆற்றங்கரை ஷிமுல்தீகியில் பாஞ்சு கர்மகாரிடம் முதுகைக் கொடுக்காத ஆண்பிள்ளை குறைவு. தொழில் கொல்லு வேலை. வருஷம் பூராவும் கொழுவும் அரிவாளும் அடிப்பார். பங்குனிக் கடைசி நாளில் மட்டும் சிவன் கோயில் திடலில் உட்கார்ந்து, ஒரு மாத விரதம் இருந்து செடில் மரத்தில் தொங்கிச் சுற்றப்போகும் சன்னியாசிகளின் முதுகில் கொக்கி குத்துவார். முப்பத்தோரு வருஷம் குத்தினார். ஒரு தோல் கிழிந்ததில்லை, ஒருத்தன் விழுந்ததில்லை.

முதுகில் ஓங்கி நாலு அறை அறைந்து மரத்துப்போகச் செய்ய வேண்டும். தோலோடு சதையையும் இரண்டு விரல் கனத்துக்குக் கவ்விப் பிடித்து, நெய் தடவிய கொக்கியை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். மேலாகப் பிடித்தால் முப்பதடி உயரத்தில் சுற்றும்போது தோல் பிய்ந்து ஆள் விழுந்து சாவான். இதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு: கோபத்தில் மனுஷன்மேல் ஓங்கி அடித்த கை கொக்கியைத் தொடக்கூடாது. பாஞ்சுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திட்டுவார், துப்புவார், சட்டிபானையைப் போட்டு உடைப்பார். பெண்டாட்டியைக்கூட ஒரு நாள் தொட்டதில்லை. அப்பனும் பாட்டனும் பிடித்த கொக்கி தன் காலத்தில் கைமாறிவிடக் கூடாது என்ற வீம்பு அவருக்கு.

பிறந்தது ஐந்தும் பெண். ஐந்தாவதற்கு ஆன்னாகாளி என்று பேர் வைத்தார். நம் பக்கத்துப் போதும்பொண்ணு மாதிரிதான். இனிமேல் பெண் வேண்டாம் காளி என்று அர்த்தம். வேண்டாமென்று பேர் வைத்தவள்தான் அவருக்கு உயிராகிப் போனாள். அவளை அக்கரைக் கொல்லன் கோஷ்டோவுக்குக் கட்டிக்கொடுத்தார். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதைதான்.

ஒரு மாசி மாதக் கடைசியில், மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று என்று, கோஷ்டோ அவள் இடது கையைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். மூன்று விரல் நொறுங்கிற்று. சமைக்க வலது கை போதும் என்று சொல்லிவிட்டு அடித்தானாம், பாவி. கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு அவள் படகேறி அப்பன் வீட்டுக்கு வந்தாள்.

பாஞ்சு கத்தியோடு அக்கரைக்கு ஓடினார். கோஷ்டோ அங்கே இல்லை. அவன் சுற்றுவழியில் ஷிமுல்தீகிக்கே வந்து, கழுத்தில் உத்தரி என்ற விரதக் கயிற்றைப் போட்டுக்கொண்டு சன்னியாசிகளோடு உட்கார்ந்துவிட்டான். அந்தக் கயிறு ஏறிவிட்டால் ஒருவனுக்கு அப்பன் பேர் இல்லை, சாதி இல்லை. பங்குனி முடிகிறவரை அவன் சிவ கோத்திரம். டோமோ பாக்தியோ, எந்தக் கீழ்சாதிக்காரனானாலும் பிராமணன் வந்து அவன் காலில் விழுவான். அவன்மேல் ஒரு விரல் படாது. வருஷமெல்லாம் அடிபடுகிறவனுக்கு ஆண்டவன் போட்டுக்கொடுத்த வேலி அது. அந்த வேலிக்குள் அடித்தவன் போய் உட்கார்ந்துகொண்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சன்னியாசிகளுக்குத் தலைவன் ஹாபு பாக்தி, வயல் கூலி. பாஞ்சு அவனிடம் போய்க் கயிற்றை அறுக்கச் சொல்லி மன்றாடினார். சித்திரை ஒன்றாம் தேதி குளத்தில் கழற்றுவதுதான் முறை, நடுவில் அறுத்தால் ஊர் மழையைப் பார்க்காது என்று ஹாபு சொல்லிவிட்டான். பாஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

கடைசி நாள் வந்தது. வருஷம் முழுக்கக் குளத்துக்குள் கிடக்கும் செடில் மரத்தை இழுத்து வந்து நட்டார்கள். மேளம் காதைப் பிளந்தது. பத்துப் பேருக்குக் குத்தி, பாஞ்சுவின் கை மணிக்கட்டுவரை ரத்தமாக இருந்தபோது, பதினோராவது ஆளாகக் கோஷ்டோ வந்து குப்புறப் படுத்தான். குத்துகிறவர் முதலில் சன்னியாசியின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். பாஞ்சு கும்பிட்டார்.

"நல்லா அழுத்திக் கும்பிடுங்க மாமா," என்றான் கோஷ்டோ. "பொண்ணக் குடுத்தப்பகூட இப்படிக் கும்பிடல நீங்க."

பாஞ்சு நாலு அறை அறைந்தார். ஐந்தாவதற்கும் கை எழும்பிற்று, இறக்கிக்கொண்டார். பிறகு தோலை மட்டும் மேலாக, நுனியில் பிடித்தார். கொன்றுவிடலாம். அடித்துக் கொன்றார் என்று ஒருத்தன் சொல்ல முடியாது, சிவனே வாங்கிக்கொண்டான் என்பார்கள். கொக்கி முனை தோலில் பட்டபோது ஆன்னாகாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள். கையில் கட்டு இருந்தது.

"சதையோட புடிங்கப்பா," என்றாள். "இது சிவன் முதுகு. அவன் முதுகு நாளைக்கு வரும்."

பாஞ்சு பிடியை மாற்றினார். இரண்டு விரல் கனம், அதற்குமேல் இம்மி கூடப் போகவில்லை. கோஷ்டோ பம்பரமாகச் சுற்றினான். மேலிருந்து பிரசாதமாகச் சர்க்கரைவில்லைகளை வாரி இறைத்தான். ஊரே பொறுக்கிற்று, ஆன்னாகாளி பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் சன்னியாசிகள் குளத்தில் இறங்கினார்கள். உன் கோத்திரத்துக்குத் திரும்பிப் போ என்று சொல்லிச் சொல்லி ஹாபு ஒவ்வொரு கயிறாகக் கழற்றித் தண்ணீரில் விட்டான். கோஷ்டோ மார்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இன்னும் ஒரு மாதம் நேர்ந்துகொண்டிருப்பதாக உளறினான்.

"சித்திரையில எவனும் சிவன் இல்லடா," என்றான் ஹாபு. "நானே நாளைக்கு வரப்புல மிதிபடப் போறவன்."

கயிற்றை உருவினான். படித்துறையில் சுத்தியலோடு காத்திருந்த பாஞ்சு, முடிந்ததா என்று மட்டும் கேட்டார். ஹாபு தலையசைத்தான்.

பாஞ்சு தண்ணீரில் பாய்ந்து அவன் தலைமயிரைப் பிடித்துப் படிவரை இழுத்து வந்தார். முதுகுக் காயத்தில் முழங்காலை ஊன்றினார். எந்தக் கையால் சுத்தியலைப் பிடித்தாய் என்று கேட்டார். கோஷ்டோவின் வலது கை தானாக வயிற்றுக்கடியில் போய் ஒளிந்தது. அதை வெளியே இழுத்துக் கல்லில் வைத்து அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எதிர்க்கரைவரை கேட்டது. இரண்டாவது அடிக்கு அவன் அம்மா என்று அலறினான். மூன்றாவதில் மயங்கினான். மூன்றோடு பாஞ்சு நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை, பின்னால் யாரும் சாட்சி சொல்லவும் இல்லை.

பிறகு இடுப்பிலிருந்த இரண்டு கொக்கிகளையும் எடுத்து ஹாபுவிடம் கொடுத்துவிட்டு, குழந்தை மாதிரி விசித்து அழுதார்.

அடுத்த பங்குனியில், செய்த பாவத்தைக் கழுவப் பாஞ்சுவே கயிற்றைப் போட்டுக்கொண்டார். கடைசி நாள் குப்புறப் படுத்தார். குத்தத்தான் ஆளில்லை. ஹாபு கொக்கிகளைத் தூக்கிப் பிடித்து, கூடியிருந்த ஆண்களைப் பார்த்தான்.

"என் கையும் சுத்தமில்ல. பொண்டாட்டிய ஒரு நாளும் கை நீட்டி அடிக்காதவன் எவனாச்சும் இருந்தா வாங்க."

மேளம் நின்றுபோயிற்று. முன்வரிசை ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தனும் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஆன்னாகாளி எழுந்து வந்தாள். பெண்ணாவது கொக்கியைத் தொடுவதாவது என்று பூசாரி எகிறினார். கோபத்தில் ஒருத்தரையும் அடிக்காத கை இது ஒன்றுதானே இங்கே இருக்கிறது என்று ஹாபு திருப்பிக் கேட்டான். பூசாரியும் வீட்டில் கை நீட்டுகிறவர்தான், ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் அப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அறையத்தான் வரவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

"அறைம்மா," என்றார் பாஞ்சு. "மரத்துப் போகணும்."

அழுதுகொண்டே நாலு அறை அறைந்தாள். பிறகு இடது கையால் முதுகைப் பிடித்தாள். கோணிப்போய் மடங்கியே நின்றுவிட்ட அந்த மூன்று விரல்களுக்குள் தோலும் சதையும் கனமாகச் சிக்கிக்கொண்டன, நழுவவில்லை. வலது கையில் கொக்கியை எடுத்தாள்.