பி.டி. பீரியடில் நடந்த களிமண் மனிதன்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். அடுத்த வீட்டு நகையையோ காரையோ பார்த்து எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு ஆசிரியரைச் சுற்றி நின்று சிரித்தால் அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

ஏழாம் வகுப்புக்குக் களிமண் பொம்மைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். கோடை விடுமுறை முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி முதலில் நானே பழகினேன். பொம்மையைத் துளி நகர்த்து, கையை எடு, ஒரு படம் எடு. மறுபடி துளி நகர்த்து. பன்னிரண்டு படத்தை வரிசையாக ஓடவிட்டால் ஒரு விநாடி. இதற்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும்; பாடத்தைக் குறைக்க முடியாது. எல்லாப் பள்ளியிலும் எல்லா டீச்சரும் செய்வதையே நானும் செய்தேன். பி.டி. பீரியடை எடுத்துக்கொண்டேன். பி.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதை பிள்ளைகளுடையது. ஒருவர் தூக்குவாளியோடு விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். மூன்று தடவை விட்டுவிடுகிறார். நாலாவது தடவை ஏறி உட்கார்ந்ததும் பஸ் நின்றுவிடுகிறது, இறங்கித் தள்ளுகிறார். ஆண்டு விழாவில் திரை கட்டிக் காட்டலாம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். கடைசியில் என் பெயர் வருமே என்று நினைத்து, தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஒரே குறை, எங்கள் ஆளுக்கு நடக்க வரவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தாலும் எண்ணெய் கொட்டிய தரையில் போவதுபோலப் போனார்.

ஐப்பசியில் ஒரு மழை நாள். மைதானம் குளமாகிவிட்டதால் பி.டி. சார் எங்கள் வகுப்புக்குள் வந்தார். கழுத்தில் விசில், முன்னால் வயிறு. பீரியடைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவர் குனிந்து போனைப் பார்த்தார்.

“இவன் எங்க டீச்சர் நடக்கான்? வழுக்கிட்டுல்லா போறான்.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

“ஏலே, ஒரு காலைத் தூக்கணும்னா பாரம் பூரா மத்த காலுக்குப் போகணும்லா? இடுப்பு சாயணும். இங்கன பாருங்க.”

வகுப்பின் குறுக்கே பைய நடந்தார். “நில்லுங்க சார்!” என்று அவர்கள் கத்தியதும் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். அவருடைய இடுப்பைப் பார்த்துப் பொம்மையின் இடுப்பை வளைத்தார்கள், படம் எடுத்தார்கள், “போங்க சார்!” என்றார்கள். பஸ் தள்ளும் காட்சிக்கு என் பீரோவைத் தள்ளிக் காட்டினார். “தள்ளுதவன் முதுகு நேரா நிக்குமாலே?” மணி அடிப்பதற்குள் எங்கள் ஆள் நடந்தார். மூன்று விநாடிதான், ஆனால் நிஜமாகவே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மனிதரின் நடை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாகிவிட்டது என்று வீட்டில் புலம்பினேன். “பீரியடு யாரோடது?” என்று என் கணவர் கேட்டார். அன்று அவருக்குத் தோசை கருகித்தான் வந்தது.

அதன் பிறகு எதைச் சொன்னாலும், “பி.டி. சார்ட்ட காட்டிட்டு வாரோம் டீச்சர்” என்றார்கள். வேலையை மத்தியான இடைவேளைக்கு மாற்றினேன். அப்போது அவர் மைதானத்தில் இருப்பார். பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள்.

படம் முடிந்து, பெயர்கள் போடும் கட்டம் வந்தது. என் பெயரை ஜூன் மாதமே ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் பூப் போட்டு வைத்திருந்தார்கள். அவருக்கு மட்டும், நான் மீட்டிங்கில் இருந்த இரண்டு மத்தியானங்களில், ‘நன்றி பி.டி. சார்’ என்று களிமண்ணில் எழுத்துகள் செய்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தது. கடைசி எழுத்து முதுகை வளைத்து மற்றவற்றைத் தள்ளியது. எனக்கு அட்டை, அவருக்கு நடை.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது அந்த எழுத்துகள் நடந்து வரும் ஆறு விநாடியை அழித்தேன். தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன்.

விழாவில் எங்கள் ஆள் பஸ் தள்ளியபோது பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் அட்டை வந்தது, நின்றது, திரை இருண்டது. முன்வரிசையில் இருந்த என் பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்ற பி.டி. சார் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். நேரே என்னிடம் வந்து, “அருமை டீச்சர். எல்லாம் ஒங்க பொறுமைல்லா” என்றார். நல்லவேளை, அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எழுத்துகளை நகர்த்திய மேலப்பாளையத்துப் பெண், கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள்.

“கடைசில போன் நின்னுட்டா டீச்சர்?”

ஆமாம் என்றேன்.

“பரவால்ல டீச்சர். சாருக்கு நேத்து மத்தியானமே காட்டிட்டோம். மூணு தடவ போடச் சொல்லிப் பாத்தாவ. அதான் இன்னைக்கு வீட்டுல உள்ளவங்களையும் பேரு பாக்கக் கூட்டிட்டு வந்திருக்காவ.”

அப்போதுதான் பார்த்தேன். சுவரோரம் பி.டி. சார் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா நின்றிருந்தார். தன் பெயர் வரும் என்று சொல்லி மனைவியை அழைத்து வந்து, வராததைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அவ்வளவு சத்தமாகத் தட்டியிருக்கிறார். அப்படித் தட்ட எனக்கு வராது. நின்ற இடத்தில் நின்றபடி, அதற்கும் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.