ராஜர் மீது நான் எழுதிய மனு

போன வாரம் ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரிக்காதீர்கள். அதை ஒழிக்கச் சொல்லி மனு எழுதியவனே நான்தான்.

சிங்கப்பூர் செம்பவாங் குவார்ட்டர்ஸில் என் அடுத்த வீட்டுக்காரர் சிங்காரம், கப்பல் பட்டறையில் கிளார்க். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன ராஜர் என்ற அந்த நாயை அவர்தான் வளர்க்கிறார். இந்த வருஷம் ராஜர் அளவுக்கு மீறிச் சொறிய ஆரம்பித்தான். காதைத் தரையில் தேய்த்தான், பாதத்தை ஓயாமல் நக்கினான், வயிறெல்லாம் சிவந்துவிட்டது.

போதாதா? வீட்டுக்கு வீடு வைத்தியர்கள்! கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். வெள்ளைக்காரன் நாய்க்கு நம் மீன்குழம்பு சூடு என்றார் இன்னொருவர். சிங்காரத்தின் மனைவி மிளகாய் சுற்றிப் போட்டார். அந்தப் புகையில் ராஜர் தும்மியதுதான் மிச்சம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் முத்தையா என்னிடம் வந்தார். நாயை அகற்றச் சொல்லும் மனுவைப் பத்திரிகையில் எழுதுகிறவர் எழுதினால்தான் எடுபடும் என்றார். புகழ்ந்தால் என் பேனா தானாக ஓடும். ‘பரவக்கூடிய கொடிய சொறி’ என்று எழுதினேன். யாருக்குப் பரவியது? நான் கேட்கவில்லை... கையெழுத்துப் போட்டவர்களும் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் நாயை அகற்றாவிட்டால் சுட்டுவிடுவார்கள் என்று பட்டறை நிர்வாகத்திடமிருந்து உத்தரவு வந்தது.

சிங்காரம் என்னைத் திட்டவில்லை. “அண்ணே, டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடலாம். கூட வர்றீங்களா?” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த மிருக டாக்டர் ராஜரின் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறிப் பூச்சி இல்லை.

“வருஷா வருஷம் இதே மாசத்துலதானா?”

ஆமாம், வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல் பூக்கும்போதுதான், மற்ற நாளில் ஒன்றுமில்லை என்றார் சிங்காரம்.

“அப்ப இது அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது.”

புல்லுக்குள் விடக்கூடாது. வெளியே போய் வந்தால் பாதத்தையும் வயிற்றையும் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். அரிப்பு மிஞ்சினால் அவர் தரும் மாத்திரை. கந்தகத்தை உடனே நிறுத்த வேண்டும் — தோலைப் பாதி புண்ணாக்கியதே அதுதானாம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு இரண்டாவது மனுவும் எழுதிக்கொண்டு முத்தையா வீட்டுக் கதவைத் தட்டினேன். கண் சிவந்து, மூக்கில் துண்டோடு, தும்மிக்கொண்டே வந்தார்.

“லாலாங் பூத்தாலே எனக்கு வருஷா வருஷம் இப்படித்தான் சார். பயப்படாதீங்க, ஒட்டாது லா.”

தாளை நீட்டினேன். படித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை உத்தரவு ரத்தானது. அன்று மாலைதான் ராஜரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நல்லவேளை, முத்தையா மீது மனு எழுதித் தரும்படி யாரும் என்னிடம் வந்து புகழவில்லை... வந்திருந்தால் எழுதியிருப்பேன்.