அனோஜனுக்குப் பக்கத்தில் யார்?

என் மனுசன் ஸ்ரீகாந்தன் பரமட்டாவில் பஸ் ஓட்டுகிறார். அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் கிடப்பதோ ஞாயிற்றுக்கிழமைகளில் டூங்காபி மைதானத்தில் விளையாடும் எங்கள் பெடியளின் உதைபந்தாட்டக் குழுவில். பதினொரு பேரைத் தெரிவு செய்வது அவர்தான். ஒன்பது பேரை ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடுவார். நடுக்களத்து இரண்டு பேரில்தான் மனுசனுக்கு நித்திரை கெடும்.

அனோஜன் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பான். லதீஸ் அதை வாங்கி, எங்கே காவல் இல்லையோ அங்கே அனுப்புவான். இருவரும் ஒரே படகில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்கள். இருப்பது ஒரே அறை, வேலை ஒரே கோழித் தொழிற்சாலையில் ஒரே இயந்திரம். அங்கேதான் வில்லங்கம். ஞாயிறும் அந்த இயந்திரத்தில் இருவரில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஒரு கிழமை அனோஜன் விளையாட வருவான், மறு கிழமை லதீஸ். புதன்கிழமைப் பயிற்சியில் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுதான் இவரைக் கெடுத்தது.

"ரெண்டு பேரையும் ஒரேயொரு மட்ச்சில பாத்திட்டனெண்டால் காணும், யோகா," என்பார். நான்கு வருடமாக இதே பாட்டு.

"என்னைப் பொம்பிளை பாக்கேக்க இவ்வளவு யோசிச்சனீங்களோ?" என்று கேட்டால் சிரிப்பார். கோயிலிலும் இதைத்தான் வேண்டுகிறார் என்று எனக்குத் தெரியும். வெட்கக்கேடு!

போன மாதம் ஒரு ஞாயிறு, அனோஜனுடைய முறை. காரிலிருந்து அவனோடு லதீஸும் இறங்கினான். மனுசனுக்கு வாயெல்லாம் பல்.

"டேய் லதீஸ், லீவு தந்திட்டாங்களோ?"

"இல்லையண்ணை. விசாவை நிராகரிச்சுப்போட்டாங்கள். வேலை செய்யிற அனுமதியும் போயிட்டுது. மிசினில என்ரை இடத்துக்கு வேற ஆள். இனி எல்லா ஞாயிறும் வருவன்," என்று குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.

அன்று ஐந்து கோல். அனோஜன் பறித்த பந்தைத் திரும்பிப் பார்க்காமலே தட்டிவிடுவான், லதீஸ் அங்கே நிற்பான். அப்படியொரு ஆட்டம்! எல்லாரும் துள்ளினார்கள். இவர் மட்டும் கோட்டுக்கு வெளியே பெயர் எழுதிய தாளை மடித்துக்கொண்டு நின்றார்.

காரில் ஏறியதும், "நான் இதைத்தானே கேட்டனான்," என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. நீங்கள் கேட்டோ விசாக்காரங்கள் அவனுக்குக் கடிதம் போட்டவங்கள்?" என்று ஏசினேன். ஏச்சு எடுபடவில்லை.

இப்போது ஓய்வு கிடைக்கும் நாளெல்லாம் லதீஸைக் கூட்டிக்கொண்டு வக்கீல்மாரிடம் அலைகிறார். சனிக்கிழமை பெயர் எழுதும்போது அனோஜனுக்குப் பக்கத்து இடத்தை வெறுமையாக விடுகிறார். "நாளைக்கு வேலையண்ணை, வரேலாது" என்று லதீஸிடமிருந்து ஒரு போன் வரவேண்டுமாம். நானும் அந்தப் போனுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை, எல்லாருக்கும் முதல், லதீஸ் மைதானத்தில் வந்து நிற்கிறான்.